வீட்டுக்குள்ளும் தோட்டத்திலும் வரும் இயர்விக் பூச்சிகளை எப்படிக் கட்டுப்படுத்துவது?

ரொறன்ரோவில் புதிதாகக் குடிபுகுந்த வீட்டின் நிலக்கீழ் அறையில், வாலில் இடுக்கி வைத்த பழுப்புநிறப் பூச்சிகள் இரவில் ஓடுகின்றன என்றும், அவை காதுக்குள் புகுந்துவிடுமோ, மருந்தடிக்க ஆளைக் கூப்பிடுவதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூப்பிட வேண்டாம் என்பதே என் பதில். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் இதே பூச்சியோடு பல கோடைகளைக் கழித்தவன் என்ற முறையில், பார்க்க வேண்டிய இடம் வீட்டின் உள்ளே அன்று, வெளிச்சுவரின் அடி என்று சொல்வேன்.

முதலில் காதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த என் அம்மா குளியலறையில் இதைக் கண்டதும் பூரான் குட்டி என்று செருப்பைத் தூக்கிவிட்டார். இயர்விக் என்ற ஆங்கிலப் பெயரிலேயே காது (இயர்) இருக்கிறது என்று என் மகள் சொன்னபின் இரண்டு இரவு காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் படுத்தார். அந்தப் பெயர் பழைய ஐரோப்பிய நம்பிக்கை ஒன்றிலிருந்து வந்தது; தூங்குகிறவரின் காதைத் தேடிப்போகும் பழக்கம் இப்பூச்சிக்கு இல்லை. இதற்கு நஞ்சும் இல்லை. கையில் பிடித்தால் இடுக்கியால் லேசாகக் கிள்ளும், நசுக்கினால் நாற்றமடிக்கும், அவ்வளவுதான். இடுக்கி வளைந்திருந்தால் ஆண், ஏறத்தாழ நேராக இருந்தால் பெண்.

இது கனடாவுக்கு உரிய பூச்சியும் அன்று. ஐரோப்பாவிலிருந்து வந்து, 1907இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் காணப்பட்டு, பின்னர் கண்டம் முழுவதும் பரவியது. பகலில் உடம்பின் மேலும் கீழும் உரசும்படியான ஈரமான இடுக்குகளில் ஒடுங்கிக் கிடந்து, இருட்டிய பின் இரை தேடும். முட்டையிடுவதும் மண்ணில்தான். ஆகவே உங்கள் நிலக்கீழ் அறையில் ஓடுபவை அங்கே பெருகியவை அல்ல. வெளியே சுவரோரம் பெருகி, கதவின் அடியாலும் யன்னல் விளிம்பாலும் வழிதவறி வந்தவை. வீட்டின் வறண்ட காற்றில் அவை நெடுநாள் தாக்குப்பிடிப்பதுமில்லை.

எங்கள் வீட்டில் அழகுக்காகப் போட்டிருந்த மரச்சீவல் சுவரைத் தொட்டுக்கொண்டு கிடந்தது, கூரைப் பீலியின் குழாய் அதன்மேலேயே நீரைக் கொட்டிக்கொண்டிருந்தது, போதாதற்கு மிஞ்சிய பலகைகளை நானே அங்கு அடுக்கி வைத்திருந்தேன். பூச்சிக்கு இதைவிட நல்ல விருந்தினர் விடுதி கிடைக்காது. மரச்சீவலைச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, அந்த இடைவெளியில் சல்லிக்கல் பரப்பி, பீலிக் குழாயைப் புல்தரை வரை நீட்டி, பின்கதவின் அடியில் ரப்பர் பட்டை பொருத்தி, வாசலில் இருந்த வெள்ளை விளக்கை மஞ்சள் விளக்காக மாற்றினேன். நிலக்கீழ் அறையில் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை ஓடவிட்டேன். அந்தக் கோடை முடிவதற்குள் வீட்டுக்குள் கண்டவற்றை விரல்விட்டு எண்ணலாம். கண்டவற்றைத் தும்புத்தடியால் கூட்டி வெளியே தள்ளியதோடு சரி.

தோட்டத்துக்குப் பொறி வேண்டும். செய்தித்தாளை நனைத்துச் சுருட்டி மாலையில் பாத்திகளுக்கு இடையே வைத்து, விடிந்ததும் சோப்பு நீர் வாளிக்குள் உதறிவிடலாம். இதைவிட நன்றாக வேலை செய்வது டின்மீன் தகரம்: அதில் ஒரு விரல் கனத்துக்குச் சமையல் எண்ணெயும் சில துளி சோயா சோஸும் ஊற்றி, விளிம்பு மண்மட்டத்தில் இருக்கும்படி புதைத்தால், வாசனைக்கு வந்து விழுந்து அமிழ்ந்துவிடும். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் 2009 ஏப்ரல் முதல் வீட்டுத் தோட்டங்களில் அழகுக்காகப் பூச்சிக்கொல்லி தெளிப்பதற்குத் தடை இருப்பதால், கடையில் கிடைப்பவற்றில் டயட்டமேசியஸ் எர்த் எனும் வெண்ணிறத் தூளைச் சிலர் வாங்குகிறார்கள். அது உலர்ந்திருக்கும்வரைதான் பயன். ஒரு மழை பெய்தால் வெறும் சேறு. தூவும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரேயடியாக ஒழித்துவிட நினைக்க வேண்டாம். என் கீரை நாற்றுகள் ஓட்டை ஓட்டையாகத் தின்னப்பட்டபோது நத்தைகளைத்தான் வைதேன். நத்தை விட்டுச்செல்லும் பளபளப்பான கோழைத் தடம் இல்லையே என்று உறைத்து, இரவு பத்து மணிக்கு டோர்ச் அடித்துப் பார்த்தபோதுதான் உண்மையான கள்ளர் அகப்பட்டார்கள். அதே வெளிச்சத்தில் அப்பிள் மரக் கிளையைப் பார்த்தால், அங்கே அவை இலைச்சாற்றை உறிஞ்சும் அசுவினிகளை மேய்ந்துகொண்டிருந்தன. இளநாற்றுக்கும் பூவிதழுக்கும் எதிரியான இப்பூச்சி பழமரத்துக்குக் கூலியில்லாத காவலாள். பெண் பூச்சி தன் முட்டைகளின்மேல் பூஞ்சணம் பிடிக்காதபடி அவற்றை நக்கித் துப்புரவாக்கி, குஞ்சு பொரிக்கும்வரை காவலிருக்கும் என்று அறிந்தபின் சோப்பு வாளியருகே எனக்குச் சற்றுத் தயக்கம் வருவதும் உண்டு, என்றாலும் கீரையை விட்டுக்கொடுக்க மனம் வருவதில்லை. அதனால் மே மாதம் நாற்று நட்ட அன்றே பொறி வைத்து, கீரை ஒரு சாண் உயர்ந்ததும் எடுத்துவிடுகிறேன். அப்பிள் மரத்தடியில் வைப்பதே இல்லை.