கோல்டன்ராடை வெட்டலாமா?

கேள்வி: கனடாவின் ஒன்டாரியோவில் தக்காளியும் பூசணியும் பயிரிடுகிறேன். வேலியோரம் கோல்டன்ராட் தானாக முளைத்து மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது. தும்மல் வருவதால் வெட்டிவிடச் சொல்கிறார்கள். வெட்டலாமா? இலையுதிர் காலத்தில் தேனீக்களுக்கு வேறு எந்தச் செடி ஏற்றது? இரண்டு மாடுகளும் வைத்திருக்கிறேன்.

பதில்: வெட்டாதீர்கள் ஐயா. தும்மலுக்குக் காரணம் பெரும்பாலும் அதே நாட்களில் பூக்கும் ராக்வீட் என்ற களைச்செடி. அதன் பச்சைநிறப் பூ கண்ணுக்கே படாது. மகரந்தமோ காற்றில் பறந்து மூக்கில் ஏறும். கோல்டன்ராடின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. பூச்சியின் உடம்பில் ஒட்டித்தான் அது ஊர் போகும். பளிச்சென்று தெரிகிற செடி வீண்பழி சுமக்கிறது.

அந்த மஞ்சள் பூவுக்கும் உங்கள் தக்காளிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பனிக்காலம் நெருங்கும்போது பம்பிள்பீ என்ற பருத்த, மயிரடர்ந்த தேனீயின் கூட்டில் பழைய ராணியும் வேலைக்காரத் தேனீக்களும் மடிந்துவிடும். இணைசேர்ந்த இளம் ராணிகள் மட்டும் மண்ணுக்குள் தனித்தனியாகப் புதைந்து குளிரைத் தாண்டும். அதற்கு வேண்டிய கொழுப்பை இந்தக் கடைசிப் பூக்களில்தான் சேர்க்கின்றன. தக்காளிப் பூவை அதிரவைத்து மகரந்தம் உதிர்க்கிற பம்பிள்பீக்கள் அடுத்த கோடையில் வரவேண்டுமானால், இந்த ராணிகள் பிழைத்தாக வேண்டும். மெக்சிகோ மலைக்காடுகளை நோக்கிப் பறக்கும் மோனார்க் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் வழியில் இதே தேன்தான்.

கூடவே நியூ இங்கிலாந்து ஆஸ்டர் வையுங்கள். ஊதா இதழ்களுக்கு நடுவே மஞ்சள் வட்டு இருக்கும். பூ முதிர முதிர அந்த வட்டு செம்பழுப்பாக மாறிவிடும். மஞ்சள் வட்டுள்ள புதுப் பூக்களில்தான் தேனீ மொய்ப்பதைப் பார்க்கலாம். விதை முளைக்க ஈரக்குளிர் பட வேண்டும். ஆகவே நவம்பரில், புல் நீக்கிய வெற்று மண்ணில் தூவிக் காலால் மிதித்துவிடுங்கள். மண் போட்டு மூட வேண்டாம். நன்றாகப் பூக்க இரண்டாம் ஆண்டு ஆகும். கனடா கோல்டன்ராட் என்ற வகை வேர்த்தண்டால் பரவும், பாத்திக்குள் விடாதீர்கள். நிழலான இடத்துக்கு, பரவாமல் தூராக நிற்கும் நீலத்தண்டு கோல்டன்ராட் நல்லது.

மாடு இருப்பதால் ஓர் எச்சரிக்கை: வெள்ளைப் பூ பூக்கும் ஒயிட் ஸ்னேக்ரூட்டைத் தேனீக்கள் நாடும் என்றாலும் மேய்ச்சல் பக்கம் சேர்க்கவே கூடாது. அதன் நஞ்சு மாட்டைத் தாக்கும். பால் வழியே மனிதரையும் கொல்லும். 1818-இல் ஆபிரகாம் லிங்கனின் தாய் இறந்தது இதனால்தான் என்று கருதப்படுகிறது.

பூ முடிந்ததும் தண்டுகளை அப்படியே விடுங்கள். கோல்ட்ஃபின்ச் குருவிகள் விதை கொத்தும். வசந்தத்தில் ஓரடி உயரம் விட்டு வெட்டினால், அந்தத் தண்டுக்குள் சிறு காட்டுத்தேனீக்கள் கூடு கட்டும். நாற்றாக வாங்குவதானால் தேனீக்களுக்கு நஞ்சாகும் நியோனிகோட்டினாய்டு பூச்சிமருந்து படாததா என்று கேட்டு வாங்குங்கள்.