வர்க்கிக் கடைக்கு ‘சோளப் பை’ வாங்கலாமா?

கேள்வி: குன்னூரில் வர்க்கி, சாக்லேட் கடை வைத்திருக்கிறேன். மக்காச்சோள மாவில் செய்த புதுவகைப் பை என்று ஒரு முகவர் காட்டினார். மண்ணில் போட்டால் 180 நாளில் மக்கிவிடுமாம், சான்றிதழும் இருக்கிறதாம், அதிகாரிகள் கண்டுகொள்ள மாட்டார்களாம். மொத்தமாக எடுத்தால் தள்ளுபடி என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். முன்பணமும் கொடுக்க வேண்டாம்.

பொருள் போலி என்று நான் சொல்லவில்லை. மாவுச்சத்தையோ சர்க்கரையையோ நொதிக்க வைத்து எடுக்கும் பாலிமர் (சிறு மூலக்கூறுகளை நீளச் சங்கிலியாகக் கோத்த பொருள்) ஒன்று இருக்கிறது, பிஎல்ஏ என்பார்கள். அது தனியாக விறைப்பானது, மடித்தால் வெடிக்கும். அதனால் பைக்கு பிபிஏடி என்ற நெகிழ்வான பாலிமரைச் சேர்க்கிறார்கள். அது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவது. ‘முழுக்க முழுக்கச் சோளம்’ என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது. ஆனாலும் நல்ல ஆராய்ச்சியில் பிறந்த பொருள்தான். உங்கள் மலைக்காகப் பிறந்தது அல்ல, அவ்வளவுதான்.

அந்த 180 நாள் கணக்கு, மக்கும் பிளாஸ்டிக்குக்கான ஐஎஸ்ஓ 17088 என்ற சர்வதேசத் தரத்திலிருந்து வருகிறது. பையின் துண்டுகளை எருவோடு கலந்து, ஈரமும் காற்றும் அளவாகக் கொடுத்து, 58 டிகிரிச் சூட்டில் வைத்துச் சோதிக்கிறார்கள். அதில் உள்ள கார்பனில் 90 சதவீதம் 180 நாளுக்குள் கரியமில வாயுவாக மாற வேண்டும். ஊட்டியின் ஆண்டுச் சராசரி வெப்பமோ 15 டிகிரியை ஒட்டியது. குன்னூரில் சற்றுக் கூடுதல். தை மாதத்தில் ஊட்டியை அடுத்த தலைகுந்தாவில் புல்மீது உறைபனி படிகிறது. பிஎல்ஏ இளகத் தொடங்குவதே 55, 60 டிகிரியில். அதற்குக் கீழே நீர் அதன் சங்கிலியை அறுப்பது மிகவும் மெதுவாக நடக்கும். அறுந்தால்தான் நுண்ணுயிர்கள் தின்ன முடியும். உங்கள் மண்ணில் புதைத்த பை பல வருடம் பையாகவே கிடக்கும். அதற்குள் காட்டெருமை தின்றால் அதன் வயிற்றிலும் அப்படித்தான்.

இன்னொன்றை முகவர் சொல்லியிருக்க மாட்டார். பாலித்தீன் தடுக்கும் அளவுக்கு இந்தப் படலம் நீராவியைத் தடுக்காது. மாதிரிப் பையில் இரண்டு வர்க்கியைப் போட்டுக் கட்டி, மூடுபனி நாளில் கடை வாசலில் வையுங்கள். தகர டப்பாவில் இரண்டு வையுங்கள். மூன்றாம் நாள் இரண்டையும் விரலால் உடைத்துப் பாருங்கள். பையில் இருப்பது நமத்துப்போய் வளையும்.

தரகர்களைப் பற்றி நான் எத்தனை முறை எழுதினாலும் ஏமாறுகிறவர்கள் குறையவில்லை. வெந்நீரில் பையைக் கரைத்துக் காட்டுவார்கள். நீரில் கரையும் பாலிமர் தனி வகை. கரைவது வேறு, மக்குவது வேறு. ஒரு கரைப்பானில் முக்கிக் காணாமல் போகச் செய்வார்கள். அதுவும் மக்குவதற்குச் சாட்சி ஆகாது. எல்லாவற்றையும்விட மோசமானது, சாதாரண பாலித்தீனில் உலோக உப்பைக் கலந்து ‘மக்கும் பை’ என்று விற்பது. வெயிலில் அது பொடிப்பொடியாக உதிரும். அந்தப் பொடி பிளாஸ்டிக்காகவே ஓடையில் இறங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் இதைத் தடை செய்திருக்கிறது.

சான்றிதழ் என்று நீட்டுவது யாரோ ஒருவருடைய சான்றிதழின் நகலாக இருக்கலாம். 2016-ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி இந்தப் பையை விற்குமுன் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று பெற வேண்டும்; பெயரும் சான்று எண்ணும் ஒவ்வொரு பையிலும் அச்சாகியிருக்க வேண்டும். எண் இல்லாத பையைக் கையால் தொடாதீர்கள். எண் இருந்தால், அது யார் பெயரில் இருக்கிறது என்று வாரியத்தின் பட்டியலில் பாருங்கள். அதிகாரிகள் கண்டுகொள்ள மாட்டார்கள் என்ற வாக்குறுதியை நகராட்சியிடமிருந்து எழுத்தில் வாங்கித் தரச் சொல்லுங்கள். அதோடு முகவர் வருவது நின்றுவிடும்.

இந்த ஏற்பாட்டின் மீதே எனக்குக் கோபம் இருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுவதும் தடை. நீலகிரியில் அதற்கும் முந்தியே. கடைக்காரரிடம் பையைப் பறிக்க ஆள் வருகிறது. மக்கும் பைக்கு வேண்டிய சூடான எருக்குவியலை அமைக்கத்தான் ஆளைக் காணோம். 58 டிகிரியில் தேறிய பொருள் மலைக்குளிரில் என்ன ஆகும் என்று சான்றிதழுக்கான அந்தச் சோதனை கேட்பதே இல்லை.

ஒரு விலக்கு உண்டு. எஸ்டேட்டிலோ விடுதியிலோ சொந்தமாக எருக்குவியல் போடுகிறவர்கள், சமையலறைக் கழிவைக் கட்ட இந்தப் பையைப் பயன்படுத்தலாம். குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது. முட்டைக்கோஸ் இலை, கேரட் தழையோடு பசுஞ்சாணம் சேர வேண்டும். மழைக்குக் கூரை வேண்டும். நீளமான வெப்பமானியை நடுவில் செருகினால் 55 டிகிரிக்கு மேல் காட்ட வேண்டும். அதுவும் ஓரிரு நாள் போதாது, வாரக்கணக்கில். சூடு இறங்கினால் புரட்டிப் போட்டு மீண்டும் ஏற்ற வேண்டும். பையைக் கிழித்துப் போடுவது நல்லது. இத்தனையும் செய்தால் மக்கும். உங்கள் வாடிக்கையாளரோ வர்க்கியோடு மேட்டுப்பாளையம் இறங்கிவிடுகிறார். பை உங்கள் குவியலுக்குத் திரும்பப் போவதில்லை.

பாக்டீரியா தன் உடலில் சேமித்து வைக்கும் பிஎச்ஏ என்ற பாலிமர்தான் எனக்கு நம்பிக்கை தருகிறது. 1926-இல் பிரான்ஸின் லெமுவாஞ் அதன் முதல் வகையைக் கண்டறிந்தார். கொதிக்கும் குவியல் இல்லாமல் சாதாரண மண்ணிலும் அது சிதையும். விலைதான் இன்னும் எட்டாத உயரத்தில் நிற்கிறது.

இப்போதைக்கு, அன்றே தின்பவருக்குக் காகிதப் பை, ஊருக்குக் கொண்டுபோகிறவருக்குத் தகர டப்பா. டப்பாவின் விலையைத் தனியாகச் சொல்லி வாங்குங்கள். வீட்டில் உதவும் என்பதால் மறுக்க மாட்டார்கள். சாக்லேட்டுக்கு அலுமினியத் தாளும் அட்டைப் பெட்டியும் போதும். பெட்டியை வாங்கும்போது உட்புறத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள்; மெல்லிய படலம் உரிந்து வந்தால் அதுவும் பிளாஸ்டிக் பூச்சுதான், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.