காணாமல் போனவர் வழக்கில் சந்தேக நபரின் பின்னணியை இணையத்தில் தோண்டுபவர்களால் உண்மையில் பயன் உண்டா?

கேள்வி கேட்டவர் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "கேபி பெட்டிட்டோ வழக்கில் போலீஸுக்கு முன்னாடியே நெட்டில் இருந்தவர்கள்தானே கண்டுபிடித்தார்கள்?" அந்த வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். 2021 செப்டம்பரிலும் அக்டோபரிலும் தூக்கம் கெட்டு அந்த வழக்கைத் தோண்டிய கூட்டத்தில் நானும் ஒருவன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேபியின் காதலன் பிரையன் லாண்ட்ரியின் பின்னணியைத் தோண்டியதில் உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. உதவியது எல்லாம் வேறு வழியில் வந்தது. ஆனால் நாங்கள் சந்தேகப்பட்ட ஆள்தான் கடைசியில் குற்றவாளி என்பதால், எங்கள் வழியும் சரி என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன்.

வழக்கு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. கேபிக்கு 22 வயது, நியூயார்க் லாங் ஐலண்டுப் பெண். 2021 ஜூலையில் காதலன் பிரையனுடன் ஒரு வெள்ளை ஃபோர்டு வேனில் அமெரிக்காவின் மேற்குப் பக்கத் தேசியப் பூங்காக்களைப் பார்க்கக் கிளம்பினாள். வழியெல்லாம் இன்ஸ்டாகிராமில் படங்கள், யூடியூபில் ஒரு வீடியோ. செப்டம்பர் 1ஆம் தேதி ஃப்ளோரிடாவில் இருக்கும் நார்த் போர்ட்டுக்கு, பெற்றோர் வீட்டுக்கு, பிரையன் தனியாக வேனை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். 11ஆம் தேதி கேபியின் அம்மா போலீஸில் புகார் கொடுத்தார். அதற்குள் பிரையனின் குடும்பம் வக்கீல் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டது. 13ஆம் தேதி நடக்கப் போகிறேன் என்று பக்கத்துச் சதுப்புக் காட்டுக்குக் கிளம்பிய பிரையன் திரும்பவே இல்லை.

ஒரு பெண்ணைக் காணோம். கூடப் போனவன் மட்டும் அவளுடைய வேனோடு திரும்பி வந்திருக்கிறான், பேச மறுக்கிறான். சந்தேகப்பட இதற்கு மேல் துப்பறியும் மூளை எதுவும் வேண்டியதில்லை. எங்கள் ஊர் டீக்கடையில் சொன்னாலே "அவனைப் பிடிச்சுக் கேளுங்கப்பா" என்பார்கள். 15ஆம் தேதியே போலீஸ் அவனை விசாரிக்கப்பட வேண்டியவர் என்று அறிவித்துவிட்டது. அப்படியானால் நாங்கள் எல்லாம் என்னதான் கண்டுபிடித்துக்கொண்டிருந்தோம்?

எனக்கு அப்போது வீட்டிலிருந்தே வேலை, அதுவும் அமெரிக்க நேரத்துக்கு. ராத்திரி இரண்டு மீட்டிங்குக்கு நடுவே ஒரு மணி நேரம் சும்மா இருக்கும். இந்தியாவில் டிக்டாக்கை 2020 ஜூனிலேயே தடை செய்துவிட்டதால், டிக்டாக் வீடியோக்களை யூடியூபில் யாராவது மறுபடி ஏற்றினால்தான் எங்களுக்குக் கிடைக்கும். மற்றபடி ஆட்கள் கூடி விவாதிக்கும் ரெட்டிட் தளம்தான். அங்கே பிரையனின் ஸ்பாடிஃபை பாட்டுப் பட்டியலை வைத்துக்கொண்டு, எந்தப் பாட்டை எப்போது சேர்த்தான், ஏன் சேர்த்தான் என்று பத்தி பத்தியாக எழுதுவார்கள். அவன் படித்த புத்தகங்கள், வரைந்து போட்ட இருட்டான படங்கள், பழைய பதிவுகளுக்குக் கீழே எழுதிய வாசகங்கள் எல்லாம் மனநிலைக்கு ஆதாரம். ஆகஸ்ட் 25ஆம் தேதி கேபியின் கணக்கில் வந்த கடைசிப் பதிவு பெரிய விவாதம். வண்ணத்துப்பூச்சிச் சுவரோவியத்துக்கு முன்னால், பின்னல் பூசணிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஹாலோவீன் வாழ்த்து போட்டிருக்கிறது. ஆகஸ்ட்டில் யார் ஹாலோவீன் வாழ்த்து சொல்வார்கள், இதை அவள் எழுதவில்லை என்று ஒரு அணி. சுவர் யூட்டா மாநிலத்து ஆக்டன் நகரில் இருக்கிறது என்று தெருவோடு கண்டுபிடித்தது இன்னொரு அணி. திறமைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெருவைக் கண்டுபிடித்து என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை.

ஒருநாள் ராத்திரி நான் அந்தப் பாட்டுப் பட்டியல் ஆராய்ச்சியை உணர்ச்சிவசப்பட்டு மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என்னங்க, உங்க ஃபோன்ல பாதிக்குப் பாதி ஒப்பாரிப் பாட்டு. அலமாரி முழுக்க பஸ் ஸ்டாண்டுல வாங்கின கொலை நாவல். நாளைக்கு நான் அம்மா வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் ஃபோன் எடுக்கலைன்னா உங்களை என்ன பண்ணுவாங்க?" என்றாள். சிரித்தேன். இருந்தாலும் அன்றைக்கே என் பட்டியலைத் தனிப்பட்டதாக மாற்றி வைத்தேன், பொய் சொல்வானேன்.

இதைவிட ஒரு உதாரணம் இன்னும் என்னை உறுத்துகிறது. ஆகஸ்ட் 12ஆம் தேதி யூட்டாவின் மோவாப் ஊரில் ஒரு கூட்டுறவுக் கடைக்கு வெளியே இருவருக்கும் சண்டை. பையன் பெண்ணை அடிக்கிறான் என்று பார்த்த ஒருவர் அவசர உதவி எண்ணான 911க்கு ஃபோன் செய்தார். போலீஸ் வேனை மறித்து விசாரித்து, அந்த ஒரு ராத்திரி மட்டும் இருவரையும் பிரித்து வைத்துவிட்டு விட்டுவிட்டது. அதே மோவாப் பக்கத்து மலையில் சில நாள் கழித்து, ஆகஸ்ட் 18ஆம் தேதி, புதுமணத் தம்பதியரான இரண்டு பெண்கள் சுடப்பட்டு இறந்து கிடந்தார்கள். அவர்களில் ஒருவர் வேலை பார்த்தது சண்டை நடந்த அதே கடையில்! ரெட்டிட்டில் இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. அதே ஊர், அதே கடை, அதே வாரம். இனி என்ன சந்தேகம்? ஆனால் இரண்டுக்கும் தொடர்பில்லை என்று உள்ளூர் ஷெரிஃப் அலுவலகம் செப்டம்பரிலேயே சொன்னது. நாங்கள் நம்பவில்லை, மூடி மறைக்கிறார்கள் என்றோம். 2022இல் வேறொரு ஆளைச் சந்தேக நபராக அறிவித்தார்கள். அவன் அதற்கு முன்பே தற்கொலை செய்துகொண்டிருந்தான். காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. விழுந்த பழத்தை வைத்து நாங்கள் காக்காவின் ஜாதகத்தையே எழுதிவிட்டோம்.

அப்புறம் அந்தப் பூப்பாத்தி. அக்டோபரில் பிரையன் வீட்டுக்கு மேலே எடுத்த ட்ரோன் வீடியோ பரவியது. பின்பக்கம் அம்மா செடிகளுக்கு நடுவே குனிந்து நிற்கிறார். பாத்திக்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே வருகிறது, கீழே பதுங்கு குழி இருக்கிறது, பையனுக்குச் சாப்பாடு கொடுக்கிறார் என்று கிளம்பினார்கள். சிவப்பு வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, வெளிச்சத்தைக் கூட்டி எத்தனை படம்! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், எங்களுக்கு இலையெல்லாம் விரலாகத் தெரிந்தது. அந்த வீட்டு வாசலில் நாள்தோறும் ஆட்கள் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பாடு திண்டாட்டம். பிரையனின் உடலோ, சில மைல் தள்ளி, அப்போது தண்ணீர் தேங்கியிருந்த சதுப்பு நிலத்தில் கிடந்திருக்க வேண்டும். அக்டோபர் 20ஆம் தேதி நீர் வடிந்த இடத்தில் எலும்புகளும் பையும் ஒரு நோட்டும் கிடைத்தன. அன்றைக்கு அங்கே தேடியவர்களில் நாங்கள் பதுங்கு குழிக்காரர்கள் என்று எழுதிய அதே அப்பா அம்மாவும் இருந்தார்கள்.

இன்னொரு பக்கம் வடக்கு கரோலினாவில், மலைப்பாதை நடைக்கு வந்து விடுதியில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த ஒருவரை, பிரையன் மாதிரி இருக்கிறார் என்று வந்த தகவலை நம்பித் துப்பாக்கியோடு போய் விலங்கு மாட்டினார்கள். ஆள் வேறு என்று தெரிந்ததும் விட்டார்கள். தாடி வைத்த ஒல்லியான வெள்ளைக்கார இளைஞனாக அந்த மாதத்தில் அமெரிக்கக் காட்டுப் பாதைகளில் நடப்பதே ஆபத்தாக இருந்தது. போலீஸ் மட்டும் ஒழுங்கா என்று கேட்காதீர்கள். தொப்பி போட்டு வந்த பிரையனின் அம்மாவைப் பார்த்து அவன்தான் என்று நினைத்து, ஆள் வீட்டுக்குள்தான் இருக்கிறான் என்று நம்பிக்கொண்டிருந்ததாக நார்த் போர்ட் போலீஸே பிறகு ஒப்புக்கொண்டது.

சரி, உதவியது எது? குழந்தைகளோடு வண்டியில் ஊர் சுற்றி வீடியோ போடும் ஒரு தம்பதி ஆகஸ்ட் 27 அன்று வயோமிங் மாநிலத்தில், கிராண்ட் டீட்டான் தேசியப் பூங்கா பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். அந்த நாள்களில் அங்கே இருந்தவர்கள் தங்கள் வீடியோக்களைப் பாருங்கள் என்று யாரோ போட்ட பதிவில் இவர்களையும் டேக் செய்தார்கள். ராத்திரி தங்கள் பதிவைத் தள்ளிப் பார்த்தால், ஸ்ப்ரெட் க்ரீக் பாதை ஓரத்தில் ஃப்ளோரிடா நம்பர் பிளேட்டோடு அந்த வெள்ளை வேன். உடனே அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐக்குச் சொன்னார்கள். அந்தப் பகுதியில் எஃப்பிஐ ஏற்கெனவே தேடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் வேன் நின்ற இடத்தைக் கண்ணால் காட்டியது அந்தச் சில விநாடிகள். செப்டம்பர் 19ஆம் தேதி கேபியின் உடல் அங்கேதான் கிடைத்தது. கழுத்தை நெரித்துக் கொல்லப்பட்டிருந்தாள்.

ஆகஸ்ட் 29 அன்று பிரையனுக்கு லிஃப்ட் கொடுத்த ஒரு பெண், படத்தைப் பார்த்ததும் அடையாளம் கண்டு போலீஸிடம் பேசினார். கேபியின் ஃபோனிலிருந்து வந்த ஒரு செய்தியில் தாத்தாவைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்ததைப் பார்த்து, அவள் அப்படி எழுதமாட்டாளே என்று துணுக்குற்றது அவள் அம்மா. இவர்கள் யாரும் பிரையனின் பின்னணியை ஆராயவில்லை. தங்கள் கேமராவில், தங்கள் காரில், தங்கள் வீட்டில் இருந்ததைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆயிரம் மைல் தள்ளி, இல்லை, எங்களைப்போல எட்டாயிரம் மைல் தள்ளி உட்கார்ந்திருந்தவர்களிடம் கொடுக்க என்ன இருந்தது? கருத்துதான்.

சதுப்பு நிலத்தில் கிடைத்த நோட்டில் கேபியின் சாவுக்குத் தானே பொறுப்பு என்று பிரையன் எழுதியிருந்ததாக எஃப்பிஐ 2022 ஜனவரியில் அறிவித்தது. படித்த பிறகு எரித்துவிடு என்று உறையில் எழுதி அம்மா மகனுக்குக் கொடுத்த கடிதம், கேபியின் பெற்றோர் போட்ட சிவில் வழக்கில் வெளியே வந்தது. பயணத்துக்கு முன்பே எழுதியது என்கிறார் அந்த அம்மா. அந்த வழக்கு 2024இல் சமரசத்தில் முடிந்தது. ட்ரோன் விட்டவர்கள் கையில் இது எதுவும் சிக்கவில்லை.

ஆள் தவறாகப் போனால் இதே வேலை எப்படி முடியும் என்பதற்கு 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பு இருக்கிறது. சந்தேக நபர்களின் படங்களை எஃப்பிஐ ஏப்ரல் 18 அன்று வெளியிட்டதும், ஒரு மாதமாகக் காணாமல் போயிருந்த இந்திய வம்சாவளி மாணவர் ஒருவரின் முகத்தோடு ரெட்டிட்டில் ஒப்பிட்டார்கள். அவரைத் தேடிக் குடும்பம் நடத்திவந்த ஃபேஸ்புக் பக்கத்தில் வசவு கொட்டி, பக்கத்தையே மூட வேண்டியதாயிற்று. சில மணி நேரத்தில் உண்மைக் குற்றவாளிகள் வேறு என்று தெரிந்தது. ரெட்டிட் நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. ஏப்ரல் 23 அன்று அந்த மாணவரின் உடல் பிராவிடன்ஸ் நகரத்து ஆற்றில் கிடைத்தது. அவரைத் தேடிய வீட்டுக்காரர்கள் அந்த ஒரு ராத்திரியை எப்படிக் கழித்திருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு. பாஸ்டனில் முகத்தை ஒப்பிட்டவர்களும் பிரையனின் பாட்டை எண்ணியவர்களும் செய்தது ஒரே வேலை. ஒன்றில் தற்செயலாக விடை பொருந்திவிட்டது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கூட்டத்தின் கவனம் வீண் என்று நான் சொல்லவில்லை. கேபி வழக்கின் செய்தி அலையில் டீட்டான் பக்கம் ஆட்கள் விழித்துக்கொண்டு தகவல் கொடுத்ததால், அதே பகுதியில் காணாமல் போயிருந்த வேறொருவரின் உடலும் செப்டம்பர் கடைசியில் கிடைத்தது. ஆனால் அதே வயோமிங்கில் 2011 முதல் 2020 வரை பூர்வகுடிகள் 710 பேரைக் காணவில்லை என்று புகார்கள் பதிவாகியிருந்ததாக 2021 ஜனவரியில்தான் ஓர் அறிக்கை வந்திருந்தது. அவர்களுக்காக யாரும் பாட்டுப் பட்டியல் புரட்டவில்லை. மற்றவர்களையும் இதேபோலத் தேடுங்கள் என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னவர் கேபியின் அப்பாவேதான்.

இப்போதும் இப்படிப்பட்ட வழக்குகளைப் படிக்கிறேன், விட முடியவில்லை. அந்த ஊர் வழியாக அந்த நாளில் நான் போயிருக்கிறேனா என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். இதுவரை எதற்கும் ஆம் என்று பதில் வரவில்லை, அதனால் எங்கேயும் எழுதுவதில்லை.

பூப்பாத்திப் படத்துக்குக் கீழே நான் அன்றைக்குப் போட்ட பின்னூட்டம் இன்னும் அங்கேயே இருக்கிறது: "இடது மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள்." நாற்பதுக்கு மேல் லைக்.