அப்பாவின் யெஸ்டி: பெயின்டுக்கு முன்னால் பேர் மாற்றம்

கேள்வி: கோத்தகிரி பக்கம் இருக்கிறேன். அப்பா 1986-ல் வாங்கிய யெஸ்டி ரோட்கிங் பைக் வீட்டில் நிற்கிறது. அவர் 2019-ல் தவறிவிட்டார். ஆர்.சி. புக் அவர் பெயரில்தான் இருக்கிறது, 2011-க்குப் பிறகு புதுப்பிக்கவில்லை. நண்பர்கள் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய வண்டிகளை மாற்றி மாற்றி ஓட்டுவோம், அதில் இதையும் சேர்க்க ஆசை. "வண்டியையும் புக்கையும் கொடுங்க, பெயின்ட் அடிச்சு, பேர் மாத்தி, வின்டேஜ் நம்பரும் வாங்கித் தர்றேன், 45,000 ரூபாய்" என்கிறார் ஒரு புரோக்கர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். வண்டியை நம்பிக்கையான மெக்கானிக்கிடம் விடலாம். புக்கை மட்டும் யார் கையிலும் விடக்கூடாது. கேட்டால் ஜெராக்ஸ் கொடுங்கள், அதன் மேல் எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். முப்பது வருடமாகக் குன்னூரில் பழைய வண்டிகளைச் சீர்செய்கிறேன். ஸ்பேர் கிடைக்காமல் மூலையில் கிடக்கும் வண்டிகளைவிட, காகிதம் கெட்டுப்போய்க் கிடக்கும் வண்டிகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் பேர் மாற்றம். உங்களுடையது விற்பனை இல்லை, வாரிசுரிமை. விற்பனைக்கு 29, 30 என்ற படிவங்கள். உரிமையாளர் இறந்துபோனால் படிவம் 31. அதோடு அப்பாவின் இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் உடன்பிறந்தவர்களும் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தருவது, இவை வேண்டும். இறந்து முப்பது நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் தவறவிட்டது பெரிய குற்றமில்லை, துக்க வீட்டில் யாருக்கு ஆர்.சி. புக் ஞாபகம் வரும்? தாமதத்துக்கு ஆகும் பணத்தைக் கட்டிவிட்டு விண்ணப்பிக்கலாம்.

இந்த இடத்தில்தான் புரோக்கர்கள் குறுக்கு வழி காட்டுவார்கள். வாரிசுச் சான்றிதழ் வாங்க அலைய வேண்டாம் என்று சொல்லி, 29, 30 படிவங்களில் அப்பா கையெழுத்தை அவர்களே போட்டு, உயிரோடு இருக்கும்போது விற்ற மாதிரி காட்டிவிடுவார்கள். இறந்தவர் கையெழுத்தைப் போடுவது மோசடி. நாளைக்கு மாட்டினால் புரோக்கர் பெயர் எங்கேயும் இருக்காது, உங்கள் பெயர்தான் இருக்கும். "எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க" என்று சொல்வார். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. உங்கள் அப்பா வண்டி உங்களுக்கு வருவதற்குப் பொய்க் கையெழுத்து எதற்கு?

அடுத்தது புதுப்பித்தல். சொந்த இருசக்கர வண்டிக்கு முதல் பதிவு 15 வருடம், அதன் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் படிவம் 25. வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னால் நிறுத்த வேண்டும். பசுமை வரி, புகைச் சான்று, இன்ஷூரன்ஸ் எல்லாம் இதோடு வரும். இருபது வருடம் தாண்டிய இருசக்கர வண்டிகளுக்குப் புதுப்பித்தல் கட்டணத்தை 2025-ல் 2,000 ரூபாயாக்கிவிட்டார்கள். வருத்தம்தான், ஆனாலும் 45,000 எங்கே, இது எங்கே? தில்லியில் பழைய வண்டிகளைப் பிடித்த செய்தியைக் காட்டி, "பதினஞ்சு வருஷம் தாண்டினா கவர்மென்ட் எடுத்துக்கும்" என்று பயமுறுத்தி அடிமாட்டு விலைக்கு வாங்கும் ஆட்களும் நம் மலையில் சுற்றுகிறார்கள். தமிழ்நாட்டில் சொந்த வண்டிக்கு அப்படி வயது வரம்பு கிடையாது.

வின்டேஜ் நம்பர் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எல்லோரும் ஏமாறும் இடம் இது. மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் ஆகியிருந்தால்தான் வின்டேஜ். உங்கள் வண்டி 1986. கணக்குப் போடுங்கள், 2036 வரை பேச்சே இல்லை. சரி, உங்கள் நண்பர் ஒருவரிடம் 1965 ஜாவா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவருக்காவது லாபமா? புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும், 'வி.ஏ.' என்ற எழுத்தோடு நம்பர் வரும். ஏற்கெனவே பதிவான வண்டியென்றால் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் வின்டேஜ் என்று பதிந்த வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய வண்டிகளின் ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது, இவ்வளவுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கோடநாடு போய் டீ குடித்துவிட்டு வருவது இந்தப் பட்டியலில் இல்லை. ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் சாதாரணப் பதிவைப் புதுப்பித்து வைத்துக்கொள்வதே நல்லது. புரோக்கர் இதைச் சொல்ல மாட்டார். சொன்னால் அவருக்கு என்ன கிடைக்கும்?

இப்போது பெயின்ட். அது கடைசி வேலை. ஆய்வுக்கு முன்னால் சேஸிஸை, அதாவது வண்டியின் சட்டத்தை, மணல் அடித்துத் துரு எடுக்கும் சாண்ட் பிளாஸ்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். யெஸ்டியில் சேஸிஸ் நம்பர் ஹேண்டில்பாருக்குக் கீழே, கழுத்துப் பகுதியில் இருக்கும். நாற்பது வருடத் துரு, நம் மலை மூடுபனி, ஏற்கெனவே பாதி அரித்திருக்கும். அதில் மணலை அடித்து, பட்டி பூசி, பவுடர் கோட்டிங் போட்டால் நம்பர் போச்சு. அப்புறம் யாராவது "நான் திரும்பப் பஞ்ச் பண்ணித் தர்றேன்" என்பார். கைப்பஞ்ச் அடித்த நம்பரைப் பார்த்தால் ஆய்வாளர் திருட்டு வண்டி என்றுதான் நினைப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது. இன்றைக்கே அந்த இடத்தை மண்ணெண்ணெய் தொட்டுத் துணியால் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து நம்பரை எடுத்து வையுங்கள். என்ஜின் நம்பரையும் புக்கோடு ஒப்பிடுங்கள். புக்கில் என்ன நிறம் இருக்கிறதோ அதையே அடியுங்கள். மாற்ற ஆசை என்றால் அதையும் பதிய வேண்டும், இன்னொரு அலைச்சல்.

அலைச்சல் என்றதும் கோபம் வருகிறது. பழைய கையெழுத்து ஆர்.சி. வண்டிகளுக்குப் பல நேரம் கம்ப்யூட்டரில் விவரமே இருக்காது. முதலில் பதிவான அலுவலகத்தில் அதை ஏற்ற வேண்டும். ஒரு வாடிக்கையாளருக்காக வேறு மாவட்டத்தில் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். பதிவேடு கிடைக்கவில்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். ஏற்றாமல் விட்டது அவர்கள், மலை இறங்கி ஏறுவது நாம். புரோக்கர் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான். போவதற்கு முன்னால் நம்பர் இணையத்தில் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். வராவிட்டால் வேறு எதற்கும் முன்னால் அதற்கு எழுத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே அனுப்பிவிடுவார்கள்.

நண்பர்களோடு மாற்றி ஓட்டுவது பற்றி: பதிவும் இன்ஷூரன்ஸும் உங்கள் பெயருக்கு வரும்வரை வேண்டாம். வந்த பிறகு, கியர் வண்டி லைசென்ஸ் உள்ள நண்பர் உங்கள் சம்மதத்தோடு ஓட்டலாம், மற்றவர்களுக்கு ஏற்படும் சேதத்துக்குப் பாலிசி உண்டு. ஆனால் பாலிசியில் உரிமையாளருக்கென்று இருக்கும் 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு உங்களுக்குத்தான், நண்பருக்கு இல்லை. இதை நாலு பேரும் உட்கார்ந்து பேசிவிட்டுச் சாவியை மாற்றுங்கள்.

ஆய்வுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், பிக்கப்பில் ஏற்றிப் போங்கள். அதற்குள் பிரேக் ஷூ, கேபிள், ஹாரன், விளக்குகள் சரியாக இருக்கட்டும். எல்லாம் முடிந்து முதல் முறை மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். உங்கள் யெஸ்டியில் ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் போகிறது. இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடிவிட்டுக் கியரிலேயே இறங்கினால், பெட்ரோலோடு ஆயிலும் நின்று பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் கிளட்சைப் பிடித்து ஆக்ஸிலேட்டரை ஒரு முறை லேசாக முறுக்கிவிடுங்கள்.