மருத்துவர் பதில்: பேச்சால் குடி குறையுமா?

கேள்வி: டாக்டர், நாங்கள் அமெரிக்காவில், நியூஜெர்சியில் சின்னதாக ஒரு ஓட்டல் நடத்துகிறோம். ஏழு வருடமாக எங்கள் சமையலறையைத் தாங்குகிறவர் மெக்சிகோவின் புவேப்லா மாநிலத்துக்காரர். வயது 43. பரோட்டா என்னைவிட நன்றாகப் போடுவார். வார நாட்களில் குடிக்க மாட்டார். சனி, ஞாயிறு ராத்திரி அறை நண்பர்களோடு உட்கார்ந்தால் அளவே கிடையாது. திங்கட்கிழமை பாதி நாள் ஆளைக் காணோம். போன வருடம் சர்ச்சில் மாதா முன்னால் சத்தியம் செய்து நாலு மாதம் தொடாமல் இருந்தார். அப்புறம் பழையபடிதான். இப்போது ரத்தப் பரிசோதனையில் ஈரல் சரியில்லை என்று வந்திருக்கிறது. சமூக மருத்துவ மையத்தில், லத்தீன் அமெரிக்கர்களுக்கென்றே ஏற்படுத்திய குடி ஆலோசனைக்குப் போகச் சொல்கிறார்கள். குடிக்குப் போய் இனம் பார்த்து ஆலோசனையா? வெறும் பேச்சில் குறையுமா? 'குடித்தால் வேலை இல்லை' என்று நாங்களே கண்டித்துவிட்டால் போதாதா? இன்னொன்று: சனிக்கிழமை கடை மூடியதும் எல்லோருக்கும் ஆளுக்கொரு பீர் கொடுப்பது என் கணவரின் வழக்கம்.

பதில்: கட்டாயம் போகச் சொல்லுங்கள். கண்டிக்கும் யோசனையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பீரை இந்த சனிக்கிழமையே நிறுத்துங்கள்.

வார நாட்களில் தொடாதவர் குடிகாரர் இல்லை என்று அவரும் நினைப்பார், நீங்களும் நினைத்திருப்பீர்கள். அமெரிக்காவில் ஒரு 'டிரிங்க்' என்பது 14 கிராம் சுத்த ஆல்கஹால். 5 சதவீத பீர் என்றால் 355 மில்லி டின் ஒன்று, டெக்கீலா போன்ற 40 சதவீத சரக்கு என்றால் 44 மில்லி. ஆண் ஒருவர் ஒரே நாளில் இதில் ஐந்து அல்லது அதற்கு மேல் குடித்தாலே மிகைக்குடி. வாரம் முழுக்கச் சேர்த்து 15-ஐ எட்டினாலும் அதே பெயர்தான். பெண்களுக்கு இந்தக் கணக்கு 4, 8.

இவரிடம் கேட்டால் 'மூணு பாட்டில்தான்' என்பார். மெக்சிகோக்காரர்கள் ககுவாமா என்று சொல்லும் பெரிய பாட்டில் 940 மில்லி பிடிக்கும். ஒன்றே ஏறக்குறைய இரண்டரை டிரிங்க். மூன்று பாட்டில் ஏழரை ஆகிறது. இடையில் இரண்டு டெக்கீலா உள்ளே போனால் ஒன்பதரை. இரண்டு ராத்திரிக்கு 19. பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை, அவர் பாட்டிலை எண்ணுகிறார், ஈரல் கிராமை எண்ணுகிறது. நல்ல ஆலோசகர் டின் படம் போட்ட அட்டையை நீட்ட மாட்டார். 'ககுவாமாவா, டின்னா?' என்றுதான் ஆரம்பிப்பார். நீங்கள் கேட்ட 'இனம் பார்த்து' என்பதில் ஒரு பகுதி இவ்வளவுதான்.

இனி உங்கள் முதல் கேள்வி. மதுவுக்கு இனம் தெரியாது, சரி. ஆனால் குடிப்பதற்கான காரணங்கள் ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் வேறு. அமெரிக்க வெள்ளையர்களோடு ஒப்பிட்டால் லத்தீன் அமெரிக்கர்களில் குடிக்கவே குடிக்காதவர்கள் அதிகம். ஆனால் குடிக்கிறவர்கள் ஒரே அமர்வில் அதிகமாகக் குடிக்கிறார்கள், ஈரல் சுருக்க நோயால் அதிகமாக இறக்கிறார்கள், சிகிச்சைக்கு வருவதோ குறைவு. காப்பீடு இல்லாதது, மொழி, குடியுரிமைக் காகிதம் பற்றிய பயம், வெட்கம் எல்லாம் சேர்ந்து தடுக்கின்றன. ஈரலில் கொழுப்பு சேர்வதைக் கூட்டும் பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணு மாற்றமும் இவர்களிடையே, குறிப்பாக மெக்சிகோ வம்சாவளியினரிடம், மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது. அது இருப்பவருக்கு உடல் பருமனோ சர்க்கரையோ கூட இருந்தால், குடி ஈரலைச் சீக்கிரமே கெடுக்கும்.

அந்த மையத்தில் நடக்கப்போவது பெரும்பாலும் ஊக்குவிப்பு நேர்காணல் என்ற முறையாக இருக்கும். வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது அது. இதில் ஆலோசகர் உபதேசம் செய்ய மாட்டார், பயமுறுத்த மாட்டார், வாதாட மாட்டார். குடிக்கிறவரை நோக்கி நாம் 'விட்டுவிடு' என்று தள்ளினால், அவர் வாய் தன்னால் 'ஏன் விட முடியாது' என்று பதில் சொல்லத் தொடங்கும். வீட்டில் குடிக்கிற ஆள் இருக்கும் யாருக்கும் இது தெரியும்.

பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும். 'குடியைக் குறைப்பது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லுங்கள்' என்பார் ஆலோசகர். இவர் ஐந்து என்கிறார். நாமாக இருந்தால் 'ஐந்துதானா?' என்று கேட்டுக் காரியத்தைக் கெடுத்திருப்போம். ஆலோசகர் கேட்பது: 'ஏன் இரண்டு இல்லை, ஐந்து?' இப்போது ஐந்துக்கான காரணத்தை இவரேதான் தேடிச் சொல்லியாக வேண்டும். 'ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து பொண்ணு போன் பண்ணுவா. பாதி நாள் நான் எடுக்கிற நிலைமையில் இருக்க மாட்டேன்.' இது அவரே சொன்ன காரணம். நீங்களும் நானும் சொல்லும் நூறு காரணத்துக்கு இல்லாத பலம் அதற்கு உண்டு.

இதே முறையை லத்தீன் அமெரிக்கர்களுக்கு ஏற்றபடி மாற்றுவது என்றால் ஸ்பானிஷில் பேசுவது மட்டும் அல்ல. அது வாசற்படிதான். ஆலோசகர் வந்ததும் படிவத்தை நீட்டாமல் ஊர், குடும்பம், வேலை என்று முதலில் ஆளை ஆளாக விசாரிப்பார். மரியாதையாக விளித்துப் பேசுவார். அப்புறம், அமெரிக்காவுக்கு வந்தபிறகு குடி எப்படி மாறியது என்று கேட்பார். முக்கியமான கேள்வி இதுதான் என்பது என் எண்ணம். புவேப்லாவில் கல்யாணம், ஊர்த் திருவிழா, ஞாயிறு மதிய விருந்து என்று சொந்தபந்தம் நடுவில் குடித்திருப்பார். அம்மாவோ மனைவியோ 'போதும்' என்று சொல்ல இருந்திருப்பார்கள். இங்கே நாலைந்து ஆண்கள் ஒரு அறையில். வாரம் அறுபது மணி நேரம் வேலை. காகிதம் பற்றிய கவலை. கடையிலும் தெருவிலும் சில பேர் நடத்துகிற விதம். போதும் என்று சொல்ல ஒருவரும் இல்லை. இதையெல்லாம் விட்டுவிட்டு ஈரலைப் பற்றி மட்டும் பேசினால், அவர் தலையாட்டிவிட்டு எழுந்து வந்துவிடுவார்.

ஆண்மை என்ற பேச்சும் அங்கே வரும். நண்பர்கள் ஊற்றும்போது மறுத்தால் 'பொண்டாட்டிக்குப் பயந்தவன்' என்று கிண்டல் செய்வார்கள். குடும்பத்தைத் தாங்குகிறவன்தான் ஆம்பளை என்ற எண்ணமும் அதே பண்பாட்டில் உண்டு. ஆலோசகர் முன்னதோடு மல்லுக்கு நிற்காமல் பின்னதைக் கையில் எடுப்பார். ஊருக்கு அனுப்பும் பணத்தில் வாரக் கடைசியில் எவ்வளவு பாட்டிலாகக் கரைகிறது என்று அவரையே கணக்குப் போடச் சொல்வார்.

பலன் உண்டா? கிறிஸ்டினா லீ என்ற உளவியலாளரும் அவர் குழுவும் அமெரிக்காவின் வடகிழக்கில், மிகையாகக் குடிக்கும் லத்தீன் அமெரிக்கர்களிடம் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான ஊக்குவிப்பு நேர்காணல், இன்னொரு பகுதியினருக்குப் பண்பாட்டுக்கு ஏற்ப மாற்றியது. அவர்களுடைய பெரிய ஆய்வில் இரண்டு தரப்பிலுமே குடி குறைந்தது. அமெரிக்க வாழ்க்கையில் அதிகம் ஒட்டாதவர்களுக்கும், பாகுபாட்டை அதிகம் சந்தித்தவர்களுக்கும் மட்டும், மாற்றிய முறையில் குடியால் வரும் தொல்லைகள் கூடுதலாகக் குறைந்தன. அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு இது பெரிய வித்தியாசம் தராமல் போகலாம். நீங்கள் விவரிக்கும் மனிதருக்கோ அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது.

பேச்சு மட்டும் போதாத கட்டமும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் என்ற பத்துக் கேள்விப் பட்டியலில் 8 வந்தால் எச்சரிக்கை, 20-ஐ எட்டினாலே அடிமையாகியிருக்க வாய்ப்பு அதிகம், சிறப்பு மருத்துவர் வேண்டும். நால்ட்ரெக்சோன் என்ற மாத்திரை குடிக்கும் வேட்கையைக் குறைக்கும், அமெரிக்காவில் 1994 முதல் குடிக்காக அனுமதிக்கப்பட்டது. ஈரல் மோசமாக இருந்தால் யோசித்துத்தான் தருவார்கள். இடுப்பு வலிக்கு ஓபியாய்டு என்ற அபின் வகை வலிநிவாரணி மாத்திரை ஏதும் எடுத்தால் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள், இரண்டும் சேரக் கூடாது. திங்கட்கிழமைத் தலைவலிக்கு டைலனால் (நம் ஊர் பாராசிட்டமால்தான்) போடுவார் என்று சந்தேகிக்கிறேன். குடித்த உடம்பில் அது ஈரலுக்கு ஆகாது.

அந்தச் சத்தியத்தை இளப்பமாக நினைக்காதீர்கள். குவாதலூப்பே மாதா முன்னால் இத்தனை மாதம் தொட மாட்டேன் என்று வாக்குக் கொடுப்பது மெக்சிகோக்காரர்களிடம் பரவலான வழக்கம். நம் ஊரில் சபரிமலைக்கு மாலை போட்டவர் தொடாமல் இருப்பதைப் போலத்தான். நாலு மாதம் அவரால் முடிந்திருக்கிறது. ஆலோசகரிடம் அதை முதலில் சொல்லச் சொல்லுங்கள். அந்த நாலு மாதம் ஞாயிறுகளை எப்படிக் கழித்தார், எந்த நாளில் உடைந்தது என்பதே பாதி சிகிச்சை. ஒரு எச்சரிக்கை: தினமும் குடிக்கிறவர் யாராவது இப்படித் திடீரென்று நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அடுத்த ஓரிரு நாளில் நடுக்கமும் குழப்பமுமாக உயிருக்கே ஆபத்தாகலாம். இவர் வாரக் கடைசி ஆள் என்பதால் அபாயம் குறைவு. ஆனாலும் நிறுத்தும்போது கை நடுங்கியதா, வியர்த்ததா என்று மருத்துவர் கேட்டே ஆக வேண்டும்.

இனி முதலாளியம்மாவாக நீங்கள் செய்ய வேண்டியது. போதையில் அடுப்பு முன்னால் நிற்கக் கூடாது என்பது பாதுகாப்பு விதி, அதை எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லுங்கள். வீட்டில் குடிப்பதை வைத்து வேலையை மிரட்டாதீர்கள். இவருக்கு ஏற்கெனவே இருக்கிற பயம் போதும், பயந்தவர் ஒளித்துக் குடிப்பார். மொழிபெயர்க்க நீங்கள் கூடப் போகவும் வேண்டாம். சம்பளம் தருகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எந்த மனுஷன் வாயைத் திறப்பான்? 'என்ன சொன்னார்கள்?' என்று மறுநாள் கேட்கவும் கூடாது. அமெரிக்க மத்திய அரசின் உதவியில் நடக்கும் சமூக மருத்துவ மையங்களில் வருமானத்துக்கு ஏற்பத்தான் கட்டணம், காப்பீடு இல்லாவிட்டாலும் பார்ப்பார்கள். இது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், சொல்லிவையுங்கள். 1-800-662-4357 என்பது அமெரிக்க அரசின் இலவச உதவி எண், ராத்திரி பகல் ஸ்பானிஷிலும் பேசுவார்கள்.

பீருக்குப் பதில் என்ன என்று உங்கள் கணவர் கேட்பார். ஹமைக்கா என்று அவர்கள் ஊரில் ஒரு பானம் உண்டு, புளிச்சக்கீரை இனத்துச் செடியின் சிவப்புப் புல்லிவட்டத்தைக் காய்ச்சி ஆறவைத்தது. அவரையே ஒரு குடம் போடச் சொல்லுங்கள். கடை மூடும் நேரத்தில் எல்லோருக்குமே அது இறங்கும்.

ஆலோசனை நேரம் வார நாள் மதியமாகத்தான் கிடைக்கும், உங்களுக்கு அது கூட்ட நேரம். ஒன்றிரண்டு சந்திப்புகள்தான், சம்பளத்தைப் பிடிக்காமல் அனுப்புங்கள். பரோட்டாவை அன்றைக்கு நீங்கள் போடுங்கள்.