4,827,195 என்ற எண் 9ஆல் மீதமின்றி வகுபடுமா? வகுக்காமலே எப்படிச் சொல்வது?

வகுபடும். அதாவது, ஒன்பது பேருக்குச் சமமாகப் பிரித்தால் எதுவும் மிஞ்சாது. இலக்கங்களைக் கூட்டுங்கள்: 4+8+2+7+1+9+5=36. இது 9இன் மடங்கு. ஆகவே அந்த எண்ணும் 9இன் மடங்கே. ஆளுக்கு 536,355.

காரணம்தான் அழகு. சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் காய்கறி வாங்க எடுத்துப்போகும் நோட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து வெள்ளியை (டாலரை) ஒன்பது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1, மீதம் 1. நூறு வெள்ளியில் ஆளுக்கு 11, மீதம் அதே 1. ஆயிரத்தில் ஆளுக்கு 111, மறுபடியும் 1. ஆக, நான்கு மில்லியனில் மிஞ்சுவது வெறும் 4, எட்டு நூறாயிரத்தில் 8. மிச்சங்களைச் சேர்த்தால் கிடைப்பதுதான் இலக்கக் கூட்டுத்தொகை!

இதே வழி 7க்கும் பொருந்தும் என்று பலர் நினைக்கிறார்கள். பொருந்தாது: 16இன் இலக்கங்களைக் கூட்டினால் 7 வரும், ஆனால் 16ஐ 7ஆல் வகுத்தால் 2 மிஞ்சும்.