கூலன்ட் குறையவில்லை, ஆனால் விளக்கு மின்னுகிறது: பழைய கோல்ஃப்

கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) தாங்கியில் மட்டம் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்க, வோக்ஸ்வேகன் கோல்ஃப் 4 காரில் கூலன்ட் எச்சரிக்கைச் சிவப்பு விளக்கு மின்னுகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்தச் சிறிய வெள்ளைத் தாங்கியைத்தான். கராஜில் புதிய தண்ணீர் பம்ப் போடச் சொன்னாலும் இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

தாங்கிக்குள் இரண்டு உலோகக் குச்சிகள் உண்டு. கூலன்ட் வழியாக அவற்றுக்கிடையே மின்சாரம் பாய்ந்தால்தான் வண்டி "மட்டம் சரி" என்று நம்பும். குச்சிகளில் பழுப்புப் படிவு ஒட்டினால் அந்தப் பாதை அடைபடும். நிறைய பேர் செய்வது போல காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றி நிரப்பியிருந்தாலும் இதே கதைதான், அது மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது.

எஞ்சின் நன்றாக ஆறியபின், விடியற்காலையில் பாருங்கள். தாங்கியில் செருகியிருக்கும் இரண்டு வயர் பிளக்கைக் கழற்றுங்கள். உள்ளே பச்சைப் பொடி இருந்தால் துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள், பலருக்கு அதோடு முடிந்துவிடும். முடியாவிட்டால் தாங்கியைக் கழற்றி வினிகரும் வெந்நீரும் ஊற்றி நன்றாகக் குலுக்கி, கழுவி, சரியான கலவைக் கூலன்ட் ஊற்றுங்கள். குச்சிகள் அரித்துப் போயிருந்தால் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தாங்கி தேடுங்கள். பாவித்ததென்றால் வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்.

ஒன்று: இது பொய் எச்சரிக்கை என்று முடிவு செய்துவிட்டு ஓட்ட வேண்டாம். வெப்பநிலை முள் 90-ஐத் தாண்டினால் எஞ்சின் உண்மையாகவே அளவுக்கு மீறிச் சூடாகிறது; ஒவ்வொரு வாரமும் மட்டம் இறங்கினால் கூலன்ட் எங்கோ வெளியேறுகிறது. கொழும்பின் காலி வீதி (Galle Road) போன்ற நெரிசலில் அது சீக்கிரமே எஞ்சினைக் கெடுக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே வேண்டாம்.